அசையாப் பாம்பும் அசைய இடமில்லாப் பெட்டியும்

பச்சை மரமலைப்பாம்பை வீட்டில் வளர்ப்போரிடம், அதற்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்று கேட்டால், ஆயத்தமாக ஒரு விடை வரும்: ‘அது அசையாது, சிறியதே போதும்.’ இவ்விடையின் முதற்பகுதியை இலக்கணப்படி சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘அசையாது’ என்னும் எதிர்மறை வினைமுற்று தமிழில் வருங்காலத்தையும் குறிக்கும், என்றுமுள்ள இயல்பையும் குறிக்கும். ‘பகலில் அசைந்து பார்த்ததில்லை’ என்னும் வெறும் காட்சி, ‘அசைவது அதன் இயல்பன்று’ என்னும் விதியாக உருமாற அவ்வினைமுற்று எளிதில் இடங்கொடுத்துவிடுகிறது. பெட்டி வாங்குவோர் பாம்பைப் பார்ப்பது பெரும்பாலும் பகலில், அப்பாம்போ இரவாடி.

நியூகினித் தீவிலும் அதையடுத்த சிறு தீவுகளிலும் ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்திலும் வாழும் இவ்வினத்தை 1872-இல் ஷ்லேகல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். மொரேலியா விரிடிஸ் என்பது அதன் இன்றைய பெயர். பழைய பேரினப் பெயரான சாண்ட்ரோபைதானின் தலைப்பகுதியை மட்டும் வளர்ப்போர் இன்றும் ‘சாண்ட்ரோ’ என்று வழங்கிவருகின்றனர். (தமிழில் இதற்கு ‘மர மலைப்பாம்பு’ என்று பெயரிட்டதும், ஒரே பாம்பு மரத்திலும் மலையிலும் ஏறிக்கொள்கிறது. பெயர்களுக்கு இத்தகைய சுமைகள் புதியவையல்ல.)

கேப் யார்க் மழைக்காடுகளில் இப்பாம்புகளுக்கு வானொலி அலைபரப்பி பொருத்திப் பின்தொடர்ந்த வில்சன் குழுவினரின் ஆய்வு 2006-இல் வெளியானது. வளர்ந்த பெண் பாம்புகள் நிலையான வாழ்பரப்பைப் பேணின. அதன் சராசரி ஏறத்தாழ 6 ஹெக்டேர், அதாவது பதினைந்து ஏக்கர். ஆண் பாம்புகளும், மஞ்சள் நிறம் மாறாத இளம் பாம்புகளும் அப்படி ஓரிடத்தில் நிலைகொள்ளவே இல்லை. பகலெல்லாம் ஒரு கிளையில் சுருளாக மடிந்து, நடுவில் தலையை வைத்துக் கிடக்கும் அதே உயிரியின் கணக்குத்தான் இது. எந்தப் பெட்டியும் பதினைந்து ஏக்கரைத் தராது. அதை எவரும் கேட்கவும் இல்லை. ஆனால் ‘அசையாது’ என்ற சொல்லை இனி அளவுகோலாகக் கொள்ள இயலாது.

சந்தையில் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது 60 செ.மீ. கனசதுரப் பெட்டி. வளர்ந்த பாம்பின் நீளம் பொதுவாக ஒன்றரை மீட்டரை எட்டும். 60 செ.மீ. கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு இழுத்தாலும் 104 செ.மீ.தான் வரும். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட பெட்டியில் அக்கோடு 147 செ.மீ. ஆகிறது. பாம்புக்கு உடலை நீட்டவேண்டிய தேவையே இல்லை என்போர் உண்டு. பல இனங்களைச் சேர்ந்த 65 பாம்புகளைச் சுமார் ஒரு மணிநேரம் மட்டும் கவனித்து 2019-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 24 பாம்புகள் நேராகவோ ஏறத்தாழ நேராகவோ நீண்டு கிடந்தன. இடம் கிடைத்தால் நீட்டுகின்றன என்பதற்கு அது போதிய சான்று.

‘மரப்பாம்பு, ஆகவே உயரமான பெட்டி’ என்னும் வாதமும் முழுமையானதன்று. வெப்பம் மேலே ஏறும். குறுகி உயர்ந்த பெட்டியில் மேற்கிளை எப்போதும் சூடாகவும் கீழ்க்கிளை எப்போதும் குளிர்ந்தும் இருக்கும். உயரத்தில் பாதுகாப்பைத் தேடும் பாம்பு, சூட்டைச் சகித்துக்கொண்டு மேலேயே தங்கிவிடும். அகலமான பெட்டியின் ஒரு முனையில் மட்டும் கூரையில் வெப்பப் பலகையைப் பொருத்தினால், ஒரே உயரத்தில் ஒரு பக்கம் 30 பாகை செல்சியஸும் மறுபக்கம் 25 பாகையும் அமையும். அப்போது உயரத்தை விட்டுக்கொடுக்காமலே வெப்பத்தைத் தேர்ந்தெடுக்கப் பாம்பால் இயலும். கிடைமட்டமாக இரண்டு மூன்று கிளைகள், அவற்றுக்கு நடுவே சாய்வாக ஒன்றிரண்டு, பாம்பின் உடல் பருமனையொத்த தடிப்பு, பாம்பின் எடைக்குச் சுழலாத இறுக்கம் ஆகியவை வேண்டும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, கிளையில் கிடக்கும் பாம்பு என்ன வெப்பத்தை உணர்கிறது என்பதை அளக்காமல் விடுவது மிகப் பரவலான பிழை. வெப்பவிளக்கைப் பாம்பு தொடும் இடத்தில் கம்பிவலையின்றி வைப்பது அதைவிடக் கொடியது.

ஈரப்பதத்தில் வேறொரு மயக்கம் நிலவுகிறது. மழைக்காட்டு உயிரி என்றதும் பெட்டியை எந்நேரமும் நனைத்துவைக்கிறார்கள். காட்டில் மழை பெய்கிறது. பிறகு காற்றடித்து இலைகள் காய்கின்றன. மாலையில் நீர் தூவி, மறுநாளுக்குள் கிளைகள் காயும் அளவுக்குக் காற்றோட்டம் தருவதே அந்தத் தாளத்துக்கு நெருக்கமானது. காற்றோட்டமில்லாத ஈரம் தோலில் புண்ணையும் மூச்சுத் தொற்றையும் கொண்டுவரும்; ஈரம் அறவே குறைந்தால் சட்டை துண்டுதுண்டாக உரியும். இலை மறைவு கட்டாயம் வேண்டும். அது உயிருள்ள செடியா நெகிழித் தழையா என்பது பாம்பைவிடப் புகைப்படம் எடுப்பவரின் கவலை.

இந்தியச் சூழலில் ஒரு சிக்கலைக் கையேடுகள் பேசுவதே இல்லை. இவற்றுட் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அறை குளிர்ந்திருக்கும், பெட்டியைச் சூடாக்க வேண்டும் என்பது அவற்றின் சொல்லப்படாத முன்முடிபு. தில்லியின் சனவரிக்கு அது பொருந்தும். பெங்களூருவின் உலர்ந்த பின்பனிக்காலத்தில் வெப்பத்தைவிட ஈரம்தான் தட்டுப்பாடு. சென்னையின் மே மாதத்திலோ சிக்கல் தலைகீழாகிறது: வெளியே 40 பாகை, உள்ளே பெட்டியின் குளிர்ந்த முனைக்கே குளிர்ச்சி இல்லை. குளிரூட்டியை ஓடவிட்டால் காற்று வறள்கிறது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் மின்விசிறியைத்தான் சுழற்றும். அது 36 பாகைக் காற்றைக் குளிர்விக்காது. எந்த ஊரில், எந்த மாடியில், எத்திசை அறையில் பெட்டி நிற்கப்போகிறது என்பதைக் கேட்காமல் பெட்டியின் அளவை மட்டும் சொல்லும் அறிவுரை பாதி அறிவுரைதான்.

சிறு பெட்டிக்கு ஆதரவாக ஒரு நேர்மையான வாதம் உண்டு. முட்டையிலிருந்து வந்து சில மாதங்களேயான குட்டியைப் பெரும் பெட்டியில் விட்டால் அது இரையைக் கண்டுகொள்ளாமல் போகலாம். சிறு கொள்கலனில் அதன் உணவையும் கழிவையும் கண்காணிப்பதும் எளிது. இதை மறுப்பதற்கில்லை. புதிதாக வரும் எந்தப் பாம்பையும் தாள் விரித்த எளிய பெட்டியில் சில வாரங்கள் தனிமைப்படுத்துவதும் தேவையே. ஆனால் இவை பருவம் சார்ந்த ஏற்பாடுகள். குட்டிக்குப் பொருந்தியதை இருபதாண்டு வாழக்கூடிய பாம்பின் நிரந்தர வாழிடமாக நீட்டிக்கும்போது, விற்போரின் அலமாரி வசதி வளர்ப்பு நெறியாக வேடமிடுகிறது.

பெட்டியைப் பற்றி இத்தனை பேசுவதற்கு முன் எழவேண்டிய கேள்வி, அதற்குள் வரப்போகும் பாம்பு எங்கிருந்து வந்தது என்பது. இந்தோனேசியாவின் மலுக்கு, பாப்புவாப் பகுதிகளில் லயன்சும் நட்டுஷும் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. சட்டத்துக்குப் புறம்பாகப் பிடிக்கப்பட்ட 4,227 பாம்புகளை அவர்கள் பதிவுசெய்தனர். பண்ணையில் பிறந்தவை என்ற சான்றுடன் அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியானவற்றுள் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்பது அவர்களின் மதிப்பீடு. ‘பண்ணையில் பிறந்தது’ என்ற தொடர் அங்கே உண்மையைக் கூறும் வாக்கியமாகச் செயல்படவில்லை. முத்திரையாக மட்டுமே செயல்பட்டது. அவ்வகைப் பாம்பு ஒட்டுண்ணிகளோடும் அச்சத்தோடும் வந்துசேரும். அதற்கு எத்தனை நேர்த்தியான பெட்டி அமைத்தாலும் அது காலந்தாழ்ந்த உபசாரம்.

இவ்வினம் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிசின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டிஸ் இணைப்புகளிலுள்ள இனங்களை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024-ஆம் ஆண்டு விதிகள் அத்தகைய உயிருள்ள விலங்குகளின் உடைமை, கைமாற்றம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைப் பரிவேஷ் தளத்தின் வழியே பதிவுசெய்யக் கட்டாயப்படுத்துகின்றன. பாங்காக்கிலிருந்து பயணப்பெட்டிகளில் வரும் உயிருள்ள ஊர்வன சென்னை, பெங்களூரு, மும்பை விமான நிலையங்களில் மீண்டும் மீண்டும் பிடிபடும் காலத்தில், ‘தாள் பிறகு தருகிறேன்’ என்னும் விற்பனையாளரின் வாக்குக்கு என்ன பொருள் என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஆவணங்கள் முறையாக உள்ள பாம்பு ஒன்று உறுதியானபின், அது வந்துசேருமுன் பெட்டியை வெறுமையாகவே மூன்று வாரம் இயக்கிப் பார்க்கலாம். கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை என்றால் இன்னும் நன்று. நள்ளிரவு, விடியல், பிற்பகல் இரண்டு மணி என மூன்று வேளையும் ஒவ்வொரு கிளையின் வெப்பமும் ஈரமும் குறிக்கப்பட வேண்டும். ஒருநாள் வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்து, எத்தனை மணிநேரத்தில் குளிர்ந்த முனை 32 பாகையைத் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். சில வீடுகளில் விடை ஒரு மணிநேரத்துக்கும் குறைவாகவே வரும். அவ்வீடுகளுக்கு இப்பாம்பு வேண்டாம்.