திரும்பி வந்த கவரைக் கிழித்துப் போடாதீர்கள்

 

"நோட்டீஸ் அனுப்பினோம் சார், வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டான். இனி என்ன செய்யறது?" பத்தாயிரம், இருபதாயிரம் ஏமாந்த பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

என் கருத்து இதுதான்: "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்த கவர் தோல்வி அல்ல, ஆதாரம். பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

வழக்குக்கு முன் நாம் அனுப்பும் நோட்டீஸ் ஒன்று. வழக்குப் போட்டபின் ஆணையம் அனுப்புவது வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகாரை ஏற்றுக்கொண்ட 21 நாளுக்குள் மாவட்ட ஆணையம் அதன் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். பதில் தர 30 நாள். மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸை வாங்க மறுத்தாலும், சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ள 65-ஆம் பிரிவு வழி செய்கிறது. எதிர்த்தரப்பு வராமல் இருந்தால், நம் ஆதாரங்களை வைத்தே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

ஆனால் கவர் "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பினால் கதை வேறு. முகவரி தேடுவதிலேயே வாய்தா மேல் வாய்தா போகும். சிறிய வழக்குகள் சட்டத்தால் தோற்பதைவிட முகவரியால்தான் அதிகம் முடங்குகின்றன என்பேன்.

அதற்கான மருந்து பொருள் வாங்கும் நாளிலேயே இருக்கிறது. பில்லில் விற்பவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2020 விதி. போன் நம்பர் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிஎஸ்டி எண் இருந்தால், அந்தத் துறையின் இணையதளத்தில் தேடினாலே பதிவு செய்த முகவரி கிடைக்கும்.

ஐந்து லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இவ்வளவு வசதி இருந்தும் திரும்பி வந்த ஒரு கவரைப் பார்த்துப் பின்வாங்கினால், ஏமாற்றியவர் அடுத்த ஆளிடமும் அதையேதான் செய்வார்.

வீட்டில் உள்ள பில்களை இன்றே எடுத்துப் பாருங்கள். எத்தனை பில்லில் முழு முகவரி இருக்கிறது என்று கமெண்டில் சொல்லுங்கள்.