சொல்லிட்டுப் போக வேண்டியது யார்கிட்ட?

அக்கா குடும்பம் ராஜஸ்தானுக்குக் குடிபோகுது. மாமாவுக்கு நெய்வேலியிலேர்ந்து பர்சிங்சருக்கு மாற்றல். பிகானேர் மாவட்டம். அங்கேயும் பழுப்பு நிலக்கரிதான், அங்கேயும் என்எல்சிதான், 125 மெகாவாட்ல ரெண்டு யூனிட். நடுவுல 2000 கிலோமீட்டருக்கு மேல ரோடு.

எங்க அப்பா காலத்துல நெய்வேலியில வேலைன்னா ரிட்டயர் ஆகிற வரைக்கும் நெய்வேலிதான். மாற்றல்னா ஒண்ணாவது சுரங்கத்திலேர்ந்து ரெண்டாவது சுரங்கத்துக்குப் போறது. இப்ப அப்படியில்ல. 2016-ல பேரையே என்எல்சி இந்தியான்னு மாத்தியாச்சு. ராஜஸ்தானுக்கு மேல ஒடிசாவுல தலபிரா நிலக்கரிச் சுரங்கம், உத்தரப்பிரதேசத்துல கட்டம்பூர் மின் நிலையம்னு கடை பரப்பியாச்சு. அதனால எங்க அக்கா வீட்டுக் கதை டவுன்ஷிப்ல புதுசு ஒண்ணுமில்ல. ஊரை விட்டுக் கிளம்புற குடும்பங்க அந்தக் கடைசி மாசத்தை எப்படிச் செலவு பண்றாங்கங்கிறதுலதான் எனக்கு ஒரு சண்டை இருக்கு.

அக்கா ஒரு லிஸ்ட் போட்டிருந்தா. மொத்தம் 23 வீடு. விருத்தாசலம், சிதம்பரம், கடலூர், விழுப்புரம்னு ஊர் வாரியா பிரிச்சு, எந்த ஞாயித்துக்கிழமை எந்தப் பக்கம்னு பக்காவா ஒரு எக்ஸல் ஷீட். (அந்த எக்ஸலைப் போட்டுக் கொடுத்தது அடியேன். ஐடி தம்பி வேற எதுக்கு?) ஒவ்வொரு வீட்டுலயும் அதே காபி, அதே மிக்சர், அதே மூணு கேள்வி. "அங்க பயங்கர வெயிலாமே?" "ராத்திரி குளிருமாமே?" "பசங்களுக்கு ஹிந்தி எப்படி?" அப்புறம் தட்டுல வெத்தலை பாக்கு, ஒரு பிளவுஸ் பிட், பசங்க கையில 200 ரூபா. பசங்க ரெண்டும் யாரோ ஒருத்தர் வீட்டு சோபாவுல செல்போனை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

சிதம்பரம் போன அன்னிக்கு ஒரே நாள்ல அஞ்சு வீடு. பிச்சாவரத்துக்குத் திரும்புற ரோட்டைப் பார்த்துட்டுப் பெரியவன், "மாமா, போட்டுல போலாமா?"ன்னு கேட்டான். பத்து வயசு, பொறந்ததே நெய்வேலியில. இது வரைக்கும் அந்தச் சுரபுன்னைக் காட்டைப் பார்த்ததில்ல. ஆறாவது வீடு ஒண்ணு பாக்கி இருந்ததால போகல.

மனுஷங்ககிட்ட இப்ப யாரும் விடைபெறவே முடியாதுங்கிறதுதான் என் கட்சி. இவங்க பர்சிங்சர் போய்ச் சேர்றதுக்குள்ள சித்தி வீடியோ கால்ல வந்து "என்ன சமையல்?"னு கேட்டுடும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல காலையில 6 மணிக்கு குட்மார்னிங் வர்றது பிகானேர்லயும் நிக்கப்போறதில்ல. கல்யாணம், காதுகுத்து, கருமாதின்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை எல்லாரையும் பார்த்தே தீரணும். ஆனா இடம்? அதுக்கு வீடியோ கால் கிடையாது. அதுலயும் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவனுக்கு அந்த இடத்து மேல ஒரு சதுரடி உரிமை கூட இல்ல. சாவியைக் கொடுத்த மறுநாளே வேற பெயர்ப்பலகை. மத்தவங்க ஊருக்குத் திரும்பி வந்தா தாத்தா வீட்டுத் திண்ணைன்னு ஒண்ணு இருக்கும். எங்களுக்கு ஒரு பிளாக் நம்பரும் ஒரு தெருப் பேரும்தான். அதனால இருக்கிற நாலு ஞாயித்துக்கிழமையை இடத்துக்குக் கொடுங்கன்னு நான் சொல்றேன்.

இதைச் சொன்னதுக்கு வீட்டுல எனக்குக் கிடைச்ச பட்டம் "மனுஷங்க வாசனையே பிடிக்காதவன்". போகட்டும்.

எக்ஸல்ல ஓட்டை போட்டு ரெண்டு நாள் பிடுங்கினேன். முதல் நாள் எங்க சொந்த வீடு இருக்கிற திருவதிகையிலேயே. அப்பா ரிட்டயர் ஆனதும் இங்கதான் வீடு கட்டினார். அக்கா குடும்பம் மாசத்துக்கு ரெண்டு தடவை வரும், சாப்பிடும், தூங்கும், போகும். நடந்து போற தூரத்துல வீரட்டானேசுவரர் கோயில். சின்னவ கோபுரத்து வாசலைத் தாண்டி உள்ள போனதே இல்லங்கிறது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

நான் பெரிய பக்திமான் இல்ல. ஆனா வீட்டை விட்டுப் போறதைப் பத்தி யோசிக்கிறவனுக்கு திருவதிகை மாதிரி ஒரு ஊர் கிடையாது. அப்பர் பொறந்தது பக்கத்துல திருவாமூர். அப்பா அம்மா போய்ட்டாங்க, அக்கா திலகவதிக்கு நிச்சயம் பண்ணியிருந்தவரும் போர்ல போய்ட்டார். தம்பிக்காக உயிரை வச்சுக்கிட்டு இருந்தவங்க அந்த அக்கா. தம்பி பாடலிபுத்திரத்துக்குப் போய் (பீகார் இல்லீங்க, நம்ம கடலூர் திருப்பாதிரிப்புலியூர்தான்) சமணத்துல சேர்ந்து தருமசேனர் ஆயிட்டார். அக்கா இந்தக் கோயில்ல கூட்டிப் பெருக்கிக்கிட்டு இங்கேயே இருந்தாங்க. சூலை நோய் தாங்காம தம்பி திரும்பி வந்தப்ப அவருக்குன்னு இருந்தது அந்த அக்காவும் இந்தக் கோயிலும்தான். எங்க வீட்டுல உல்டா. அக்கா கிளம்புறா, தம்பி பெங்களூர்ல உட்கார்ந்துக்கிட்டு லெக்சர் அடிக்கிறான்.

பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது சுந்தரர் கதைதான். அப்பர் உழவாரம் பிடிச்சு வேலை செஞ்ச மண்ணுல நான் எப்படிக் கால் வைக்கிறதுன்னு ஊருக்குள்ள வராம, வெளியில சித்தவட மடத்துலயே ராத்திரி தங்கிட்டார். "அப்ப நாம மட்டும் செருப்புப் போட்டுக்கிட்டு நடக்கிறோம்?"னு சின்னவ கேட்டா. பதில் தெரியல, கெடிலத்துப் பக்கம் கூட்டிட்டுப் போய்ட்டேன். ஆத்துல தண்ணி இல்ல. மணல்ல ஓடினாங்க.

ரெண்டாவது நாள் டவுன்ஷிப். நான் வளர்ந்த குவார்ட்டர்ஸுக்கே போனோம். அம்மாவும் வந்தாங்க. பின்னாடி தோட்டத்துல அம்மா வச்ச பலா. பண்ருட்டிக்காரங்க எங்க போனாலும் கொட்டையைப் புதைக்காம இருக்க மாட்டாங்க. இப்ப அங்க இருக்கிற அக்கா வேற ஊர்க்காரங்க, எங்களை முன்னபின்ன தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் கதவை அகலத் திறந்து, "நீங்க வச்சதா? நாங்க வந்ததிலேர்ந்து ஒரு வருஷம் கூட ஏமாத்தினதில்ல"ன்னாங்க. அம்மா மரத்தை ரெண்டு சுத்து சுத்திட்டு, அடியில இருந்த செங்கல்லைத் தள்ளி வைங்க, வேர் மூச்சு விடாதுன்னு மட்டும் சொன்னாங்க. ஒரு பழத்தை வெட்டிக் கொடுத்து அனுப்பிச்சாங்க. காரெல்லாம் வாசனை.

திரும்பும்போது மெயின் பஜார்ல எங்க கீரைக்காரம்மாவைப் பார்த்தோம். அம்மாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். மரத்தைப் பார்த்த கதையை அம்மா சொன்னதும் அவங்க சிரிச்சாங்க. "உனக்கு மரமாச்சும் இருக்கு. எங்க ஊடு இருந்த எடம் இப்ப ஆகாசம்"னாங்க.

நான் அதை அப்படியே மாமாகிட்ட சொன்னேன். அவர்தான் மேலேயிருந்து சுரங்கத்தைப் பார்க்கிறதுக்கு அனுமதி வாங்கி அன்னிக்கு சாயங்காலமே பசங்களைக் கூட்டிட்டுப் போனார். அங்க நின்னாத்தான் அந்தம்மா சொன்னது உவமை இல்லன்னு புரியும். வீடு இருந்த மட்டத்துல இப்ப வெறும் காத்து. மண்ணு முழுக்க பக்கெட் வீல் வெட்டி, கன்வேயர்ல போய், வேற இடத்துல மேடாக் கொட்டியாச்சு. அடியில ஊற்றுத் தண்ணி அழுத்தத்தோட நிக்குது, அது பீறிக்கிட்டு வராம இருக்க ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும். நான் படிச்ச நாலு வருஷ இன்ஜினியரிங்ல இதை விட ஆச்சரியமான இயந்திரத்தைப் பார்த்ததில்ல, அதையும் சொல்லிடறேன்.

1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல தண்ணிக்குத் தோண்டினப்ப கரி வந்ததும், 1956-ல கம்பெனி ஆரம்பிச்சதும், 1957-ல நேரு வந்து வெட்டைத் தொடங்கி வச்சதும் எங்க டவுன்ஷிப் பசங்களுக்கு மனப்பாடம். குவிஸ்ல கேட்பாங்க. எத்தனை கிராமம் கிளம்பிச்சுன்னு கேட்க மாட்டாங்க. அவங்க எந்தெந்த வீட்டுக்கு காபி குடிக்கப் போய்ட்டு ஊரை விட்டாங்க? விடைபெற அவங்களுக்கு இடமும் போச்சு, பக்கத்து வீட்டு ஆளும் திசைக்கொருத்தரா போய்ட்டாங்க. அது பழங்கதையும் இல்ல. 2023 ஜூலையில வளையமாதேவியில பரவனாத்துக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, நெல் நின்ன வயல்ல இயந்திரம் இறங்கினதை டிவியில எல்லாரும் பார்த்தோம். நிலம் எப்பவோ எடுத்ததுன்னு நிர்வாகம் சொன்னது, பயிர் இப்ப நிக்குதேன்னு விவசாயிங்க சொன்னாங்க, ஐகோர்ட் வரைக்கும் போச்சு.

கரண்ட் வேணுமா வேண்டாமான்னு நான் சண்டைக்கு வரல. அப்பா வேலை பார்த்த 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம்தான் என்னைப் படிக்க வச்சுது. அதையே 2020-ல மூடிட்டாங்க. ஆனா நாங்க விட்டுட்டுப் போறோம்னு கண்ணைக் கசக்குற இந்த ஊர், எங்களுக்கு முன்னாடி வேற யாரோ விட்டுட்டுப் போன ஊர். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் அதுக்கும் ஒதுக்கணும்னு கேட்கிறேன், அவ்வளவுதான். பிச்சாவரம், பாண்டிச்சேரி பீச்செல்லாம் அப்புறம் லீவுல வந்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

"அப்ப பெரியவங்களைப் பார்க்கவே வேணாமா?"ன்னு கேட்பீங்க. போன் பிடிக்கத் தெரியாதவங்க, படுக்கையில இருக்கிறவங்க, அடுத்த லீவுக்கு இருப்பாங்களான்னு நிச்சயமில்லாதவங்க. அவங்க வீட்டுக்குக் கண்டிப்பா போங்க, மிக்சர் சாப்பிடாம நிதானமா உட்காருங்க. எண்ணிப் பார்த்தா எங்க லிஸ்ட்ல அப்படி ஆறு வீடுதான் தேறிச்சு.

பர்சிங்சர்லயும் தோண்டின இடத்துல வயலோ வீடோ இருந்திருக்கும். அங்க போனதும் ஸ்கூல்ல பக்கத்து பெஞ்ச் பையனோட தாத்தா எந்த ஊருன்னு கேளுடான்னு பெரியவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். "ஹிந்தியில எப்படிக் கேட்கிறது?"ன்னான். அதை அவங்கப்பாவைக் கேட்கச் சொல்லிட்டேன், என் ஹிந்தி பெங்களூர் ஆட்டோ ஹிந்தி.

பி.கு: 23 வீட்டுல கடைசியா 14 முடிஞ்சுது. விட்டுப்போன ஒன்பதுல விழுப்புரம் பெரியப்பா இன்னும் பேசல. நாலு கிலோ முந்திரியோட அம்மா நேர்ல போயிருக்காங்க.