மிதவைப் பிராணிகளின் உறவுமுறையும் மாதிரிப் புட்டியும்

கடலில் நுண்கண் வலையை இழுத்து, அதன் அடிக்குப்பியில் சேர்ந்ததைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்ப்போருக்கு முதலில் தோன்றுவது கஞ்சி போன்றதொரு கலங்கலே. பூதக்கண்ணாடியின்கீழ் அக்கலங்கல் ஓர் உலகமாக விரியும். துடுப்புக்காலிகள் எனப்படும் கோப்பிபாடுகளும், அம்புப் புழுக்களும், சீப்பு ஜெல்லிகளும், நண்டு, இறால் முதலியவற்றின் இளம் உயிர்களும் அதில் நிறைந்திருக்கும். இவற்றுள் வாழ்நாள் முழுவதும் மிதவையாகவே வாழும் கடற்பிராணிகளில் சுமார் 7,000 இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. எது எதற்கு உறவு என்னும் கேள்விக்கு இன்று மரபு வரிசையறிதல் விடை கூறிவருகிறது. அம்முறையின் பெருமையை மறுப்பது என் நோக்கமன்று. ஆயினும், அவ்விடையின் உண்மை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் அன்று, கப்பலின் மேல்தளத்தில் மாதிரியைப் புட்டியில் இடும் வேளையிலேயே முடிவாகிவிடுகிறது என்பதைக் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறில் அடினைன், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு பொருள்கள் எழுத்துக்களைப் போல வரிசையாக அமைந்துள்ளன. ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் கைப்பிழையால் ஓரெழுத்தை மாற்றிவிட்டால், அப்படியைப் பார்த்து எழுதிய எல்லாச் சுவடிகளிலும் அப்பிழை தொடரும். ஒரே பிழையைத் தாங்கிய இரு சுவடிகள் ஒரே மூலத்தினின்று வந்தவை என்று பதிப்பாசிரியர் ஊகிக்கிறார். உயிரினங்களின் மரபு எழுத்துக்களை ஒப்பிட்டு உறவறிவோர் செய்வதும் இதுவே. மைட்டோகாண்டிரியாவிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவில் சுமார் 650 எழுத்துக்கள் கொண்ட பகுதி விரைந்து மாறுவது. ஆதலின் நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய உதவுகிறது. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் மெதுவாக மாறுவன. ஆதலின் பெரும்பிரிவுகளின் பழைய உறவைக் காட்டுகின்றன.

இதனால் விளைந்த பயனுக்கு அம்புப் புழு தக்க சான்றாகும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலும், தலையின் இருபுறமும் கொக்கி போன்ற முட்களும் உடைய இச்சிறு வேட்டைப் பிராணி எல்லாக் கடல்களிலும் உண்டு. இதன் உறவு விளங்கவில்லை என்பதைச் சார்லஸ் டார்வின் 1844ஆம் ஆண்டிலேயே குறித்துள்ளார். கரு வளரும்போது முதலில் தோன்றும் துளை இதில் வாயாக அமைவதில்லை. வாய் பின்னர் வேறிடத்தில் தோன்றுகிறது. நட்சத்திர மீனிலும் முதுகெலும்பிகளிலும் இவ்வாறே நிகழ்வதால், நெடுங்காலம் அம்புப் புழுவை அக்கூட்டத்தோடு சேர்த்தே கற்பித்தனர்.

1993இல் ரைபோசோம் மரபணுவின் வரிசையை ஒப்பிட்டவர்கள், அம்புப் புழு அக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று என்று கண்டனர். 2004இல் மைட்டோகாண்டிரியாவின் முழு வரிசையும் அதையே உறுதி செய்தது. 2019இல் பல நூறு மரபணுக்களை ஒருங்கே ஒப்பிட்ட ஆய்வு, ரோட்டிபெர் எனப்படும் சக்கர விலங்குகளோடு நெருங்கிய இடத்தை அதற்கு அளித்தது. டார்வின் குறித்த ஐயத்திற்குத் தெளிவான விடை கிடைக்க 175 ஆண்டுகள் ஆயின.

இக்கால நீட்சிக்குக் காரணம் உண்டு. அம்புப் புழுவின் மரபணுக்கள் மிக விரைந்து மாறியவை. மாற்றம் மிகுந்த சுவடிகளில் இரண்டு எழுத்தர்கள் தற்செயலாக ஒரே பிழையைச் செய்திருத்தல் கூடும். அவற்றை உறவுடையனவென்று கொண்டால் முடிவு தவறும். ஆகவே, ஒரு மரபணுவின் வரிசையைக் கண்டவுடன் தீர்ப்பு வழங்குவது பெரும் பிழை. பல மரபணுக்களும், உடலமைப்பும், கரு வளர்ச்சியும், புதைபடிவங்களும் ஒருங்கே சாட்சி கூற வேண்டும்.

நெருங்கிய இனங்களிடையே நிலைமை இன்னும் நுட்பமானது. வட அட்லாண்டிக் கடலின் கலானஸ் பின்மார்கிகஸ், வடதுருவத்தை ஒட்டிய கடல்களின் கலானஸ் கிளேசியாலிஸ் என்ற இரு துடுப்புக்காலிகளை நெடுநாளாக உடலின் நீளத்தைக் கொண்டே பிரித்து வந்தனர். சிறியது முன்னது, பெரியது பின்னது. 2017இலும் 2018இலும் வெளிவந்த ஆய்வுகளில் மரபுக் குறிகளைக் கொண்டு சோதித்தபோது, இரண்டின் நீளமும் பல இடங்களில் ஒன்றோடொன்று கலந்திருப்பது தெரிந்தது. வடக்கே மட்டும் இருப்பதாக எண்ணிய இனம், நார்வே நாட்டுக் கடற்கழிகளில் எதிர்பாராத அளவு தெற்கிலும் வாழ்வது வெளிப்பட்டது. கடல் வெப்பமடைவதை அளக்க இவ்விரண்டின் எல்லைகளையும் கருவியாகக் கொள்வர். பெயர் தவறினால் எல்லை தவறும். எல்லை தவறினால் வெப்ப மாற்றத்தைப் பற்றிய முடிவும் தவறும். உறவுமுறை ஆராய்ச்சி வெறும் ஏட்டுப் புலமையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். 1960களின் முற்பாதியில் நடைபெற்ற சர்வதேச இந்துமகா சமுத்திர ஆய்வுப் பயணத்தில் பல நாடுகளின் கப்பல்கள் பங்கு கொண்டன. ஒரு சதுர மீட்டர் வாயுடைய ஒரே வகை வலையை 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுப்பது பொது முறையாக வகுக்கப்பட்டது. அம்மாதிரிகள் கொச்சியில் அமைந்த இந்துமகா சமுத்திர உயிரியல் நிலையத்தில் சேர்க்கப்பட்டு, பொறுமையோடு பிரித்து ஆராயப்பட்டன. மிதவைப் பிராணிகளின் பரவலைக் காட்டும் படத்தொகுப்புகளும் வெளிவந்தன. அம்முயற்சி நம் நாட்டுக் கடலியலுக்கு அடித்தளமாயிற்று.

அக்கால வழக்கப்படி மாதிரிகள் பார்மலினில் காக்கப்பட்டன. பார்மலின் உடலின் வடிவத்தை அழகாகக் காக்கும். ஆனால் புரதங்களையும் டி.என்.ஏ.யையும் ஒன்றோடொன்று பிணைத்துச் சிதைக்கும். பெரும் முயற்சியின்பேரில் அதிலிருந்து சிறு துண்டுகளை மீட்பது உண்டு. நம்பத்தக்க நீண்ட வரிசை கிடைப்பது அரிது. அன்று பணியாற்றியோரைக் குறை கூறுதல் தகாது. டி.என்.ஏ.யின் எழுத்துக்களை வாசிக்கும் சிறந்த முறையைச் சாங்கர் வெளியிட்டதே 1977இல்தான். அவர்களுக்குத் தெரிய வழியில்லை, நமக்குத் தெரியும். தெரிந்த பின்னும் முழு மாதிரியையும் பார்மலினில் இடுவோமாயின், நாளைய ஆராய்ச்சியாளர்க்குக் கூறத்தக்க சமாதானம் நம்மிடம் இராது.

செய்ய வேண்டியது பெரிதன்று. வலையில் கிடைத்ததைப் பகுப்பானால் பிரித்து, ஒரு பகுதியைப் பார்மலினிலும், மற்றொரு பகுதியை 95 சதவீத ஆல்கஹாலிலும் இட வேண்டும். புட்டியில் பிராணிகள் குறைவாகவும் ஆல்கஹால் மிகுதியாகவும் இருத்தல் நன்று. பிராணிகளின் உடல்நீரும் கடல்நீரும் ஆல்கஹாலை நீர்த்துப்போகச் செய்வதால், 24 மணி நேரத்திற்குள் அதனை வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். பின்பு குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நாள், இடம், ஆழம், வலையின் வகை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டு புட்டியின் உள்ளேயே இருக்கட்டும். மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

ஆல்கஹால் விலை மிக்கது, வாங்குவதற்கு அனுமதி வேண்டும், கப்பலில் தீ அபாயம் உண்டு என்று சிலர் கூறுவர். மூன்றும் உண்மையே. ஆயினும் கப்பல் ஒருநாள் கடலில் நிற்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சில புட்டி ஆல்கஹாலின் விலை ஒரு பொருட்டன்று. அனுமதியை முன்கூட்டியே பெறலாம். சிறு அளவைப் பாதுகாப்பாக வைக்க வழியுண்டு. தவறவிட்ட மாதிரியை மட்டும் எவ்விலை கொடுத்தும் திரும்பப் பெற இயலாது.

வரிசை கிடைத்துவிட்டால் நுண்ணோக்கியின் முன் அமரும் வகைப்பாட்டு அறிஞர் தேவையில்லை என்று கருதுவோரும் உளர். இக்கருத்தை நான் ஏற்கவில்லை. பொது வரிசைக் களஞ்சியத்தில் ஒரு வரிசையோடு தவறான பெயரைச் சேர்த்துவிட்டால், அதை நம்பி ஒப்பிடுவோர் அனைவரும் அத்தவற்றைப் பெருக்குவர். அதைத் திருத்த வேண்டுமாயின் வரிசை எடுக்கப்பட்ட பிராணியையே மீண்டும் பார்க்க வேண்டும். ஆதலின் பெரிய பிராணியாயின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து எஞ்சியதைச் சான்றாகப் பாதுகாக்க வேண்டும். சிறிதாயின் முதலில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். துடுப்புக்காலியின் ஓட்டைச் சிதைக்காமல் டி.என்.ஏ.யைப் பிரிக்கும் முறைகளும் உள்ளன.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அம்புப் புழுவின் பழைய இடத்தை மாணவர் மனப்பாடம் செய்வதைவிட, அவ்விடம் ஏன் வழங்கப்பட்டது, எச்சான்றினால் மாற்றப்பட்டது என்பதை அறிவதே மேல். மாறும் முடிவு பலவீனமென்று எண்ணும் இளைஞர்க்கு, சான்றின்முன் தலைவணங்குவதே விஞ்ஞானத்தின் பலம் என்பதை இச்சிறு புழு விளக்கிவிடும்.

இனி வரும் காலத்தில் இன்னும் நுட்பமான முறைகள் தோன்றும் என்பதில் ஐயமில்லை. அவை எவையென இன்று நாம் அறியோம். நம்மால் இயன்றது, அவற்றிற்கு வேண்டிய சான்றைச் சிதையாமல் வைத்துவிட்டுச் செல்வதே. அடுத்த முறை வலை மேலே வரும்போது, பார்மலின் புட்டியின் அருகில் ஆல்கஹால் புட்டியும் ஆயத்தமாக இருக்கட்டும்.