அப்பா லென்ஸ், பிள்ளை கேமரா... நடுவில் ஒரு வளையம்!

கும்பகோணத்திலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். கல்யாண போட்டோகிராபர். முகூர்த்த நாள் என்றால் ஆளைப் பிடிக்கவே முடியாது. அன்று சாவகாசமாகப் பேசினான். அப்போதே எனக்குச் சந்தேகம்.

“அண்ணே, லென்ஸ் எல்லாத்தையும் கொடுத்துடலாம்னு இருக்கேன்.”

“ஏண்டா, தொழிலையே விடப் போறியா?”

“அதில்லண்ணே. செகண்ட் ஹேண்ட்ல சோனி மிரர்லெஸ் வாங்கிட்டேன். பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் எதுவும் இதுல மாட்டாதாம். மூணையும் சேர்த்துக் கடைக்காரர் ஒரு விலை சொல்றாரு. அடிமாட்டு விலைதான். அப்பாவோட பழைய பென்டாக்ஸ் லென்ஸையும் சேர்த்துக் கொடுத்தா மேல ஐந்நூறு ரூபா தர்றாராம்.”

அந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கியது. சித்தப்பா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் அவரிடம் இருந்தது பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா. 1976 முதல் 1997 வரை தயாரான மாடல். அதில் மாட்டியிருந்த 50 எம்.எம். லென்ஸ்தான் இது. எங்கள் வீட்டுக் காதுகுத்து, அத்தை கல்யாணம், தாத்தாவின் கடைசிப் படம் எல்லாமே இந்தக் கண்ணாடி வழியாக வந்தவை. கேமரா பாடி என்றைக்கோ பழுதாகிவிட்டது. லென்ஸ் மட்டும் பீரோவில் இருந்தது.

“எதையும் கொடுத்துடாதே. ஒரு வளையம் ஆர்டர் பண்றேன். வந்ததும் ஊருக்கு வர்றேன்” என்றேன்.

அந்த வளையத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். ‘லென்ஸ் அடாப்டர்’ என்று பெயர்.

பூதக்கண்ணாடிப் பாடம்

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் காட்டிக் காகிதத்தைக் கருக்கியிருப்பீர்கள். கண்ணாடியைக் கிட்டே வைத்தால் கருகாது, தள்ளி வைத்தாலும் கருகாது. சரியான ஒரு தூரத்தில்தான் வெயில் ஒரு புள்ளியாகக் கூடும். கேமரா லென்ஸும் அப்படித்தான். அதன் பின்பக்கத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் கணக்காக இவ்வளவு தூரம் என்று கம்பெனிக்காரர்கள் முடிவு செய்துதான் லென்ஸைச் செய்கிறார்கள். இதற்கு ‘ஃப்ளாஞ்ச் தூரம்’ என்று பெயர்.

பழைய எஸ்.எல்.ஆர்., டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். படம் எடுக்கும்போது ‘டக்’கென்று மேலே எழும். அது எழுந்து இறங்க இடம் வேண்டுமே! அதனால் லென்ஸைத் தள்ளி வைத்தார்கள். நிக்கானில் 46.5 மில்லிமீட்டர், பென்டாக்ஸில் 45.46, கேனானில் 44.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. 2008-ல் பானாசோனிக் ஜி1 வந்தபோது தொடங்கிய மாற்றம் இது. கண்ணாடி போனதும் லென்ஸைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள். சோனியில் 18 மில்லிமீட்டர், கேனான் ஆர்.எஃப். மவுன்ட்டில் 20, நிக்கான் இசட்டில் 16.

இப்போது கணக்குப் போடுங்கள். சித்தப்பாவின் லென்ஸுக்குத் தேவை 45.46. தம்பியின் கேமராவில் இருப்பது 18. மிச்சம் 27.46 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு ஒரு உலோக வளையம். ஒரு பக்கம் பென்டாக்ஸ் வாய், மறுபக்கம் சோனி வாய். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான். அதனால் படத்தின் தரம் குறைய வேலை இல்லை.

தலைகீழாக இது நடக்காது. மிரர்லெஸ் லென்ஸை டி.எஸ்.எல்.ஆரில் மாட்ட முடியாது. தள்ளி வைக்க வளையம் போடலாம். கிட்டே கொண்டுவர எந்த வளையத்தைப் போடுவது?

“லென்ஸ் இல்லை” என்றது கேமரா

கூரியரில் வளையம் வந்தது. ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் சாதாரண வகை. அந்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போனேன். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வைத்து மாட்டினோம். தம்பி பட்டனை அழுத்தினான். படம் விழவில்லை.

“பாத்தீங்களாண்ணே, கடைக்காரர் சொன்னது சரிதான்” என்றான்.

இந்த இடத்தில்தான் பல பேர் அடாப்டரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பழைய லென்ஸில் மின்சாரத் தொடர்பு எதுவும் இல்லை. அதனால் கேமரா லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. மெனுவில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’ என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டால் போதும். வேறு கம்பெனி கேமராக்களிலும் இதே செட்டிங் கொஞ்சம் வேறு பெயரில் இருக்கும்.

இன்னும் இரண்டு செட்டிங்குகள் முக்கியம். கேமரா பாடிக்குள்ளேயே நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்தால், லென்ஸ் எத்தனை எம்.எம். என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். இதற்கு 50. தவறான எண் கொடுத்தால் நடுக்கத்தைத் தடுக்கும் வசதியே படத்தைக் கலைத்துவிடும். அடுத்தது, ‘ஃபோகஸ் பீக்கிங்’. எந்த இடம் கூர்மையாக இருக்கிறதோ அந்த ஓரங்களில் சிவப்போ மஞ்சளோ மினுங்கும். கண் பார்வை மங்கியவர்களுக்கும் கையால் ஃபோகஸ் செய்ய இது பெரிய உதவி. சந்தேகம் வந்தால் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கியும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டோஃபோகஸிலேயே வளர்ந்தவன் தம்பி. வளையத்தை முன்னே திருப்பினான், பின்னே திருப்பினான். நான்கு படமும் மசமச. “இங்க குடுடா” என்று சித்தப்பா வாங்கினார். கேமராவில் எந்தப் பட்டன் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஆனால், இடது கை நேராக லென்ஸுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஃபோகஸ் ரிங்கைத் தாமாகவே தேடிப் பிடித்தன. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த சித்தியைப் பார்த்து ஒரு திருப்பு, ஒரு அழுத்து. திரையில் பார்த்தால் சித்தியின் கண் இமை தனித்தனியாகத் தெரிந்தது.

“இந்த ரிங்கு இன்னும் இறுகலடா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எல்லா லென்ஸுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. பணம் வீணாவதே இங்கேதான். உங்கள் லென்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். அப்பர்ச்சர் ரிங் இருக்கிறதா? 2, 2.8, 4, 5.6 என்று எண்கள் போட்டு ‘க்ளிக் க்ளிக்’ என்று திரும்பும் வளையம். அது இருந்தால் சாதாரண அடாப்டரே போதும். பென்டாக்ஸ், மினோல்டா, ஒலிம்பஸ் ஓ.எம்., பழைய நிக்கான் லென்ஸ்கள், ரஷ்ய ஹீலியோஸ் எல்லாம் இந்த ஜாதி.

ரிங் இல்லாத நிக்கான் ‘ஜி’ லென்ஸ் என்றால், தனக்கென்று ஒரு ரிங் வைத்த அடாப்டர் வாங்க வேண்டும்.

கேனான் இ.எஃப். லென்ஸில் எல்லாமே மின்சாரம். 1987-ல் இந்த மவுன்ட் வந்ததிலிருந்தே அப்படித்தான். சாதாரண வளையத்தில் மாட்டினால் அப்பர்ச்சர் முழுசாகத் திறந்தபடியே இருக்கும். எஸ்.டி.எம். வகை என்றால் கையால்கூட ஃபோகஸ் செய்ய முடியாது. இவற்றுக்கு உள்ளே சர்க்யூட் வைத்த ‘ஸ்மார்ட்’ அடாப்டர்தான் வழி. விலை பல மடங்கு.

ஒரே கம்பெனியின் டி.எஸ்.எல்.ஆரிலிருந்து அதே கம்பெனியின் மிரர்லெஸ்ஸுக்குப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கேனானின் சொந்த அடாப்டரில் இ.எஃப். லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு ஆர்.எஃப். பாடியில் வேலை செய்யும். நிக்கானுக்கு எஃப்.டி.இசட். அடாப்டர். ஆனால், அதற்குள் மோட்டார் கிடையாது. அதனால் ஏ.எஃப்.-எஸ், ஏ.எஃப்.-பி லென்ஸ்களுக்குத்தான் ஆட்டோஃபோகஸ். பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ் வைத்திருப்பவர்கள் கையால்தான் திருப்ப வேண்டும்.

கேனான் எம்50 வைத்திருக்கும் யூடியூப் நண்பர்கள் கவனிக்க: உங்கள் இ.எஃப்.-எம் லென்ஸ் புது ஆர்.எஃப். பாடிக்கு வராது. அதன் ஃப்ளாஞ்ச் தூரம் 18. ஆர்.எஃப். மவுன்ட்டுக்கு 20. மேலே சொன்ன கணக்குதான். பெயர் ஒன்று என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

தாலி கட்டிய நிமிடம்

பென்டாக்ஸ் வேலை செய்த சந்தோஷத்தில் தம்பி தன் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களுக்கும் ஒரு ஸ்மார்ட் அடாப்டர் வாங்கினான். வீட்டில் சோதித்தான். அருமை. வெளிச்சத்தில் சோதித்தான். அதைவிட அருமை. நேராக ஒரு முகூர்த்தத்துக்கு எடுத்துப் போய்விட்டான்.

மண்டபத்தில் ஒரு பக்கம் ஹோமப் புகை, மறுபக்கம் கண்ணைக் கூசும் வீடியோ லைட். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். “கெட்டிமேளம்!” லென்ஸ் முன்னே போகிறது, பின்னே வருகிறது, நிற்கவில்லை. மூன்று முடிச்சும் முடிந்த பிறகு பார்த்தால், பின்னால் நின்ற தவில்காரர் பளிச்சென்று இருக்கிறார். மணமக்கள் மங்கல்.

நல்லவேளை, உதவிக்கு வந்த பையன் பழைய டி.எஸ்.எல்.ஆரில் இன்னொரு கோணத்தில் எடுத்திருந்தான். ஆல்பம் பிழைத்தது. அன்று இரவு போனில் தம்பியின் குரல் நடுங்கியது. “அண்ணே, அந்தப் பையன் மட்டும் இல்லேன்னா நான் அவங்க வீட்ல என்ன சொல்லியிருப்பேன்?”

குற்றம் கேமராவிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. ஒன்றின் மொழியை இன்னொன்றுக்குப் பெயர்த்துச் சொல்கிறது அடாப்டர். நிதானமாகப் பேசினால் சரியாகச் சொல்லும். அவசரத்தில் தடுமாறும். திரும்ப நடக்காத நிமிடத்தை அடாப்டரை நம்பி எடுக்கக் கூடாது. தாலி கட்டு, குழந்தையின் முதல் அடி, மேடையில் பரிசு வாங்கும் நொடி எல்லாம் இந்தக் கணக்குதான். அதற்குக் கேமராவின் சொந்த லென்ஸ், இல்லையென்றால் பழைய கேமரா. நகை, அலங்காரம், மணமக்களை நிற்கவைத்து எடுக்கும் படம், சாப்பாட்டுப் பந்தி இதற்கெல்லாம் அடாப்டர் தாராளமாகப் போதும்.

தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறான். சோனிக்கென்று ஒரே ஒரு சொந்த லென்ஸ் வாங்கினான். பழைய மூன்றையும் விற்கவில்லை. நான்கு லென்ஸ் வாங்கக் கடன் தேட வேண்டியவன், ஒரு லென்ஸோடு நிறுத்திக்கொண்டான்.

வாங்கும் முன் கவனிக்க...

* லென்ஸின் மவுன்ட், கேமராவின் மவுன்ட் இரண்டின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். “நிக்கான் அடாப்டர்” என்று மட்டும் கேட்டால் வேறு ஏதாவது வந்து சேரும்.

* மாட்டிய பிறகு லென்ஸை மெதுவாக அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிறகு தூரத்துக் கோபுரத்தை ஃபோகஸ் செய்யுங்கள். வளையம் துளி உயரம் கூடினாலும் தூரத்தில் இருப்பது கூர்மைக்கு வராது.

* கேமராவை ஆஃப் செய்துவிட்டே மாட்டுங்கள், கழற்றுங்கள்.

* கனமான லென்ஸ் என்றால் ஒரு கையால் லென்ஸைத் தாங்குங்கள். கேமராவை மட்டும் பிடித்துத் தூக்கினால் எடை முழுவதும் அந்த வளையத்தின் மேல் விழும்.

* ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் ஏறக்குறைய 75 எம்.எம். போலத் தெரியும். முகங்களை எடுக்க அழகு. சின்ன அறையில் குடும்பத்தையே எடுக்க முடியாது.

* பீரோவில் கிடந்த லென்ஸை மாட்டும் முன் அதற்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கேமரா இருக்கலாம். எடைக்குப் போடும் முன் லென்ஸைக் கழற்றி, மவுன்ட் பெயரைப் பாருங்கள். பிள்ளையிடமோ பேத்தியிடமோ மிரர்லெஸ் இருந்தால் அந்த லென்ஸுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

போன வாரம் தம்பி இரண்டு படங்களை அனுப்பினான். ஒன்று, கல்யாணமான புதிதில் சித்தப்பா எடுத்த சித்தி, கறுப்பு வெள்ளை. இன்னொன்று, அன்று திண்ணையில் எடுத்த சித்தி. கீழே ஒரு வரி: “ரெண்டும் ஒரே லென்ஸ்ணே. ஐந்நூறு ரூபாய்க்குப் போயிருக்கும்.”

*அடுத்த வாரம்: பூஞ்சை பிடித்த லென்ஸை என்ன செய்வது? அரிசி டப்பாவில் போடலாமா, கூடாதா?*