பழைய ஜீப்பும் புது ஒயரிங்கும்

பழைய மகிந்திரா ஜீப்புக்கு ரெடிமேட் ஒயரிங் கிட் வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை என்பதே என் கருத்து.

60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 10. அத்தனையும் பாடி, சேஸிஸ் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. எர்த் போல்ட்டில் துருப்பிடித்து 0.1 ஓம் தடை இருந்தாலே ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே போச்சு! புது ஒயர் என்ன செய்யும், பாவம்?

ஃப்யூஸ் அடிக்கடி போகுதேன்னு பெரிசாகப் போடுவது இன்னும் ஆபத்து. ஃப்யூஸ் காப்பது ஒயரை. ஒயர் தாங்காததை ஃப்யூஸ் தாங்கினால் ஒயர்தான் எரியும்.

ஆகவே முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பழைய ஒயருக்கும் சீட்டுக் கட்டுங்கள். எர்த் இடங்களைப் பளபளவென்று சுரண்டுங்கள். பட்டறை அண்ணன் டெஸ்ட் லாம்ப்பை வைத்தே தேடுகிறார். டிப்ளமோ படிக்கும் நாம் ஓம் விதியைப் பரீட்சைக்கு மட்டும்தானா படித்தோம்?