பெட்டியை எரித்தது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன வாரம் நம் கோயில் கொடை. இரவு பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பேஸ் பெட்டி கருகிய வாசனையோடு நின்றுபோனது. மறுநாள் விழாக் கமிட்டி, “சவுண்டு சரியில்லை” என்று சொல்லி, செட்டுக்காரத் தம்பியின் வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. அவனும் என் மாணவன். கமிட்டியில் இருக்கிற நான்கு பேரும் என் மாணவர்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். “ஏத்துப்பா, இன்னும் ஏத்து” என்று நீங்கள் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். ஆம்பில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. அது அலங்கார விளக்கு இல்லையப்பா. இதற்கு மேல் என்னால் முடியாது, அலையின் தலையை வெட்டி அனுப்புகிறேன் என்று ஆம்ப் சொல்வது. தலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமான அலை, அதே உயரமுள்ள நல்ல அலையைவிட இரண்டு மடங்கு மின்திறனைக் காயிலுக்குள் தள்ளும். பெட்டிக்குப் போகிற மின்சாரத்தில் ஒலியாக மாறுவது நூற்றில் சில பங்குதான். மீதியெல்லாம் சூடு. காயில் கருகாமல் என்ன செய்யும்?

“லிமிட்டர் போட்டு சவுண்டை அமுக்குகிறான்” என்பது உங்கள் அடுத்த குற்றச்சாட்டு. லிமிட்டர் கஞ்சத்தனம் இல்லை, வீட்டு மீட்டரில் இருக்கும் ஃபியூஸ் மாதிரி ஒரு காவல். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரும் அப்படித்தான். ஓட்டை வைத்த பேஸ் பெட்டியில், அது ட்யூன் செய்யப்பட்ட அளவுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிக்காது. மைக்கை ஒருவன் டொக்கென்று தட்டினாலும் கோன் எல்லை மீறிக் குதிக்கும். இரண்டையும் எடுக்கச் சொன்னது யார்? கமிட்டிதான். நான் காதால் கேட்டேன்.

சரி, பின்னால் நின்றவர்களுக்கு பேஸ் கேட்கவில்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் காரணம் பெட்டி இல்லை. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று மேடையின் இரு கோடியிலும் பிரித்து வைக்கச் சொன்னீர்கள். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர். இரு பெட்டிகளிலிருந்தும் ஓர் இடத்துக்குள்ள தூரம் அதில் பாதி வித்தியாசப்பட்டால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும். நடுவில் நிற்பவனுக்கு நெஞ்சு அதிரும். பக்கத்தில் சில அடி தள்ளி நிற்பவனுக்கு ஒன்றுமே இருக்காது. குளத்தில் இரண்டு கல் போட்டு இதைத்தானே உங்களுக்குக் காட்டினேன்? பெட்டிகளை மேடைக்கு முன்னால் நடுவில், தரையில், ஒன்றாக அடுக்கியிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

இன்னொன்று. சத்தத்தை 3 டெசிபல் கூட்ட மின்திறனை இரண்டு மடங்காக்க வேண்டும். காதுக்கு அது “கொஞ்சம் கூடியிருக்கிறது” என்றுதான் தெரியும். அந்தக் “கொஞ்சத்துக்கு” ஒருவன் கடன் வாங்கி வாங்கிய பெட்டி பலியாக வேண்டுமா?

கொடையில் பேஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உறுமி கேட்டால் எனக்கும் கால் தரையில் நிற்காது. பெட்டி எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை அந்த வேலை தெரிந்தவனிடம் விடுங்கள் என்கிறேன். வற்புறுத்தி ஏற்றச் சொன்னால், எரிந்ததற்கும் நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

பிடித்த பணத்தை இந்த வாரமே அவன் கையில் கொடுங்கள். காயில் மாற்றும் செலவில் என் பங்கை நான் தருகிறேன். தப்பைத் திருத்திக்கொள்வது அவமானம் இல்லை என்று வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்