மடக்கும்போது கிழியும் துணி

திக்லிபூர்க் கடைத்தெருவில் மடக்குப் பந்தலின் கீழ் இட்டிலியும் வடையும் விற்றுக் குடும்பத்தை நடத்திவரும் அம்மையார் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்துள்ளார். ஈராண்டுக்கு முன் வாங்கிய பந்தலின் துணி பல இடங்களில் ஓட்டையாகிவிட்டதென்றும், மழை ஒழுகி அடுப்பு அணைந்த நாளில் அன்றைய வியாபாரமே போயிற்றென்றும் எழுதுகின்றார். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உள்ளது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் வாழும் அவருடைய மகன், மேற்கூரையைத் தூக்கி நிறுத்தி உள்ளே படுத்துறங்கும் வசதியுள்ள பயண வண்டி ஒன்றை வாங்கினாராம். அவ்வண்டியின் துணிச்சுவரும் முதல் பயணத்திலேயே கிழிந்ததாம். "அங்கே விலையுயர்ந்த துணி, இங்கே மலிவான துணி. இரண்டும் கிழிந்தது ஏன்?" என்று கேட்கின்றார். நல்ல கேள்வி. இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் இத்துணை நேராகக் கேட்கப்படுவன சிலவே.

இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. விரிந்து நின்று காற்றையும் மழையையும் தாங்கும்போது துணிக்கு நேரும் கேட்டைவிட, அதனை மடக்கும் இரண்டு நிமிடங்களில் நேரும் கேடு பெரிது. கடையைக் கட்டும் வேளை எப்போதும் அவசர வேளை. இருட்டிவிடும், மழை வந்துவிடும், பேருந்து போய்விடும். ஆதலின் மடக்குகின்றவர் துணியைப் பார்ப்பதில்லை. மறுநாள் விரிக்கும்போது ஓட்டை கண்ணிற்படுகின்றது. பழி காற்றின்மேல் விழுகின்றது.

காற்றா, மடிப்பா என்பதைக் கிழிசலே சொல்லும். காற்று கிழித்தால் தையலோரத்திலோ, மூலையிலோ, கயிறு கட்டும் வளையத்தருகிலோ தொடங்கி நீளமாக ஓடும். கம்பி கடித்த கிழிசல் அவ்வாறன்று. சிறிதாக, பிறைபோல் வளைந்து, கம்பிகள் சேரும் மூட்டுக்கு நேராக இருக்கும். மடிந்த துணியைக் கடித்ததாகையால் ஓட்டைகள் பெரும்பாலும் இரட்டையாகவே விழும். துணியை மறுபடி மடித்துப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். அம்மையார் தம் பந்தற்றுணியை இவ்வாறு ஒரு முறை மடித்துப் பார்ப்பாராக.

மடக்குப் பந்தலின் சட்டம் கத்தரிக்கோலைப்போல் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் கம்பிகளால் ஆனது. விரிந்திருக்கும்போது கம்பிகளுக்கிடையே அகன்ற இடமுண்டு. கால்களை உள்நோக்கித் தள்ளத் தள்ள அந்த இடம் குறுகி, இறுதியில் கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொள்ளும். மேலே தளர்ந்து தொங்கும் துணி அவ்விடுக்கினுள் விழுந்தால், சட்டத்தின் முழு எடையும் தள்ளுகின்றவர் கையின் வலிமையும் ஒரு விரற்கடைத் துணியின்மேல் இறங்கும். எந்தத் துணிதான் தாங்கும்?

எனவே பாதியில் நிற்க வேண்டும். முதலில் கூரையில் தேங்கிய நீரைக் கீழிருந்து மெல்லத் தள்ளி வடித்துவிட்டு, நான்கு கால்களின் பூட்டையும் விடுவித்து, எதிரெதிர் மூலைக்கு ஒருவராக இருவர் நின்று பாதியளவு மட்டும் மடக்குக. அங்கே நிறுத்தி, பந்தலைச் சுற்றி ஒரு நடை நடந்து, கம்பிகளுக்கிடையே விழுந்த துணியைக் கையால் பற்றி வெளிப்புறமாக இழுத்து விடுக. பிறகே முழுதும் மூடுக. மூடும்போது எங்கேனும் தடை தோன்றினால் அழுத்தக் கூடாது. மறுபடி சிறிது விரித்துப் பார்க்க வேண்டும். தடை என்பது பெரும்பாலும் துணியே. சிலவேளை அது விரலாகவும் இருக்கும் என்பதால், பிள்ளைகளை இவ்வேலைக்கு ஏவுதல் தகாது.

இனி மெல்போர்ன் வண்டிக்கு வருவோம். இவ்வகை வண்டிகள் புதியன அல்ல. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் சிற்றுந்தில் படுக்கையும் அலமாரியும் அமைத்துக் கொடுக்கும் தொழிலை வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் 1950-களின் தொடக்கத்திலேயே மேற்கொண்டது. இங்கிலாந்தின் போக்ஸ்டன் நகரில் மார்ட்டின் வால்ட்டர் நிறுவனம் செய்த 'டார்மொபில்' வண்டிகளில், கூரை ஒரு பக்கமாகத் திறந்து நிற்க, கோடிட்ட துணி அதற்குச் சுவராக அமையும். இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் கூரை தானே எழுகின்றது. கூரையும் வண்டியின் உடலும் உலோகமோ கண்ணாடியிழையோ ஆக, இடையிலுள்ள சுவர் மட்டும் துணி. கூரை இறங்கும்போது அத்துணி மடிந்து உள்ளே அடங்க வேண்டும்.

அது அடங்காமைக்குக் காரணம், பலரும் எண்ணிப் பாராத ஒன்று. கதவும் சன்னலும் அடைத்துவிட்டுக் கூரையை இறக்கினால் உள்ளிருக்கும் காற்று எங்கே போகும்? துணிச்சுவரையே பலூன்போல வெளியே தள்ளும். புடைத்த துணி கூரையின் விளிம்புக்கு வெளியே தொங்க, கூரை அதன்மேல் அமரும். கொக்கியை மாட்டி இறுக்கியவுடன் துணி நசுங்கிவிடும். வண்டி ஓடும்போது அதிர்வில் அரைபட்டு அவ்விடத்திலேயே நைந்துபோகும். இதற்கு மருந்து எளியது. கூரையை இறக்குமுன் ஒரு கதவையோ சன்னலையோ திறந்து வைத்தால் காற்று அவ்வழியே போய்விடும். துணியின் நடுவே சுற்றிலும் ஒரு ரப்பர் வார் கட்டிவைத்தால், கூரை இறங்க இறங்க அவ்வார் துணியை உட்புறமாக இழுத்துக்கொள்ளும். சில வண்டிகளில் அது முன்பே அமைந்துவரும். கூரை முக்கால் பங்கு இறங்கியதும் நிறுத்தி, எஞ்சிய துணியைக் கையால் உள்ளே தள்ள வேண்டும். மூடிய பிறகு, கொக்கியை மாட்டுமுன், வண்டியை வெளியிலிருந்து சுற்றிவந்து நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். பொத்தான் வண்டி வைத்திருப்போருக்கு இந்தச் சுற்றுநடை இன்னும் இன்றியமையாதது. கையால் இறக்குகின்றவனுக்குத் தடை தெரியும். பொத்தானை அழுத்துகின்ற விரலுக்கு ஒன்றும் தெரியாது.

பந்தலில் துணியை வெளியே இழுக்கச் சொன்னோம். வண்டியில் உள்ளே தள்ளச் சொல்கின்றோம். பந்தலின் சட்டம் துணிக்கு உள்ளே இருக்கின்றது. வண்டியின் கூரைவிளிம்போ துணிக்கு வெளியே இருக்கின்றது. இரும்பு எங்கே சேருகின்றதோ அவ்விடத்திலிருந்து துணியை விலக்குதலே இரண்டிலும் செய்யும் வேலை. மூன்றாக மடங்கும் கைக்குடைக்கும் இதுவே வழி. கம்பிகளின் மூட்டுகள் துணியைக் கவ்வாதபடி ஒவ்வொரு மடலையும் விரலால் வெளியே எடுத்துவிட்டு, ஒரே திசையில் தளர்வாகச் சுற்றிப் பட்டையைப் பூட்டுக. ஈரத்தைப் பிழிவதுபோல் முறுக்கிச் சுற்றும் வழக்கம் நம்மவரிடம் மிகுதி. அம்முறுக்கில்தான் கம்பி நுனியில் கட்டிய நூல் அறுகின்றது.

இரும்பு கடிப்பது ஒரு பகை. நம் தீவுகளில் அதனினும் கொடிய பகை ஒன்றுண்டு. அது ஈரத்தோடு மடக்குதல். சென்னையில் ஓராண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அந்தமானில் பெய்வது ஏறத்தாழ 3,000. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகின்றது. சாடில் சிகரத்தின்மேல் மேகம் இறங்கிய நாளில் கைக்குட்டைகூட உலராது. மெல்போர்னில் இருப்பவர் ஈரக்கூரையை ஒரு நாள் மூடிவைத்து மறுநாள் விரித்து உலர்த்தினால் பெரும்பாலும் தப்பிவிடுவார். இங்கே இரண்டு நாள் போதும், கரும்புள்ளி தோன்றுவதற்கு.

அப்புள்ளி வெறும் கறை அன்று; பூஞ்சை. பருத்திக் கித்தானைப் பூஞ்சை உணவாகவே கொள்ளும். நூல் நாளடைவில் மக்கி, விரலால் குத்தினாலே கிழியும். நைலான், பாலியெஸ்டர் துணிகளை அது அவ்வாறு தின்பதில்லை. ஆனால் அவற்றின்மேல் படிந்த அழுக்கிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வளரும். வடை சுடும் பந்தலில் பிசுக்குக்கு என்ன குறை! மேலும், நீர் புகாமைக்காக அத்துணிகளின் உட்புறம் பூசப்பட்ட பூச்சு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நெடுநாள் கிடந்தால் இளகிப் பசைபோல் ஒட்டும். பிறகு செதிள்செதிளாக உரியும். உரிந்த பூச்சை வீட்டில் சீர்செய்வது அரிது. கடலோரத்தில், குறிப்பாக ஏரியல் பே, காலிப்பூர்ப் பக்கங்களில், உப்பும் சேர்ந்துகொள்கின்றது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதால், உலர்ந்ததுபோல் தோன்றும் துணியும் கம்பியும் உண்மையில் உலர்வதில்லை. துருப்பிடித்த மூட்டு ரம்பம்போன்றது. அது துணியைக் கடித்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மழைநாளில் கடை கட்டுவோர், துணியைச் சட்டத்திலிருந்து கழற்றித் தனியே கொண்டுபோதல் நலம். வீட்டுத் தாழ்வாரத்தில் கயிறு கட்டி அதன்மேல் தளர்வாகப் போட்டுவைத்தால், முழுதும் உலராவிடினும் காற்றாவது படும். சுருட்டி மூலையில் வைப்பதைவிட அது நூறு பங்கு மேல். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிடுக. பிசுக்குக்கு மென்மையான சோப்பும் மெத்தென்ற துலக்கியும் போதும். சலவைச் சோடாவும் வெளுப்புத் தூளும் பூச்சைக் கெடுக்கும். மடிக்கும்போது ஒரே கோட்டில் நாள்தோறும் மடியாமல் சிறிது மாற்றி மாற்றி மடித்தால், மடிப்புக்கோட்டில் பூச்சு வெடிக்காது.

இவ்வளவு பாடு எதற்கு, புதுத்துணி வாங்கினால் ஆகாதா என்பார் உளர். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் வர ஏறத்தாழ மூன்று நாள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்நகரிலிருந்து திக்லிபூருக்குச் சாலைவழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கேட்ட அளவில் துணி வந்துசேரும்வரை அடுப்பு எரிய வேண்டுமே! உள்ளூர்க் கடையில் தார்ப்பாய் கிடைக்கும். இந்திக்காரர் கடையில் 'திர்பால்' என்றும், வங்காளியர் கடையில் 'திரிபல்' என்றும் கேட்க வேண்டும். மூன்றும் 'தார்பாலின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பிள்ளைகளே. நாம் மட்டும் அதனைப் பாயாக்கிக்கொண்டோம். கப்பலில் கட்டுவதும் பாய்தானே, பொருத்தமே.

அம்மையாரின் துணியை எறிய வேண்டுவதில்லை. ஓட்டை உள்ளங்கையளவுக்குள் இருந்து, சுற்றிலும் துணி உறுதியாக இருந்தால் ஒட்டுப் போடலாம். அதே வகைத் துணியில், ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டி எடுக்க. கூரிய மூலையுள்ள ஒட்டு முதலில் அங்கேதான் பெயரும். துணி நன்கு உலர்ந்த நாளில், ஒட்டை மேற்புறத்தில் வைத்து இரட்டைத் தையல் போட்டு, தையலின்மேல் தேன்மெழுகோ மெழுகுவத்தியோ அழுந்தத் தேய்த்தால் ஊசித்துளை வழியே நீர் இறங்காது. சூடான இஸ்திரிப் பெட்டியை நைலான்மேல் வைத்துவிட வேண்டா. விரலால் இழுத்தாலே துணி பிளந்தால் அது மக்கிய துணி; அதில் ஒட்டுப் போடுவது வீண் செலவு. மகனுடைய வண்டித்துணிக்கும் இதே சோதனைதான். ஆனால் துணி கூரையோடு சேரும் விளிம்பில் கிழிந்திருந்தால் அவ்வூர்த் தையற்காரரிடமே விடுவது நன்று.

வியாபாரம் இல்லாத வீடுகளும் இதனைத் தமக்கன்று என்று தள்ளிவிடலாகாது. 2002 செப்டம்பரில் திக்லிபூரை உலுக்கிய நிலநடுக்கத்தின்போதும், 2004 டிசம்பர் 26-க்குப் பின்னும், சுவருக்குள் படுக்க அஞ்சி வெட்டவெளியில் இரவைக் கழித்த குடும்பங்கள் பல. அத்தகைய இரவுகளில் பரண்மேல் கிடக்கும் தார்ப்பாயே வீடு. அதனைக் கடைசியாக எப்போது விரித்தோம் என்று நினைவில்லாதவர்கள், மழை விட்டு வெயில் தெளிந்ததும் இறக்கி, முற்றத்தில் ஒரு பகல் விரித்துப் போட்டு, எலி கடித்த இடமும் கரும்புள்ளியும் உண்டா என்று பார்த்து, கயிறுகளை இழுத்துச் சோதித்து, மறுபடி தளர்வாகச் சுருட்டி வைப்பார்களாக.

குடைக்கம்பியின் துருவைப் போக்கும் வகையைக் கேட்டு வேறு இரு நேயர்கள் எழுதியுள்ளனர். இடமின்மையால் அதனை அடுத்த இதழில் எழுதுவோம்.